காணாமையும் இன்மையும்

கொழும்பு மாளிகாவத்தையில் முஸ்லிம் மக்களின் மையவாடி ஒன்று உண்டு. தொடர்மாடிகளும் சிறு கடைகளும் நெருங்கிய அப்பகுதியில் ஒருவர் இறப்பாராயின், அவருடைய உடல் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ குளிப்பாட்டப்பட்டு, தொழுகை நடத்தப்பட்டு, மண்ணில் வைக்கப்படுகின்றது. உடல் தொலைவில் இருப்பினும் வழியுண்டு. வேற்றூரில் இறந்தவருக்காக இவ்வூரில் நின்று தொழும் ‘காயிப் ஜனாஸா’த் தொழுகையை ஷாபிஈ வழியினர் ஏற்பர். ஆயின் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கின்றது. அவர் இறந்தார் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். இறந்தாரோ இருக்கின்றாரோ என்று தெரியாத ஒருவருக்காக எந்த இறுதித் தொழுகையும் இல்லை. அத்தகையவனை இஸ்லாமியச் சட்ட அறிஞர் ‘மஃப்கூத்’ எனத் தனிப்பெயரிட்டு ஆராய்ந்தனர். ஹனபி வழியினர் வகுத்த முடிபு வியத்தற்குரியது. தன் சொத்தைப் பொறுத்தவரை அவன் உயிருள்ளவன்; எனவே அதனைப் பிறர் பங்கிட்டுக்கொள்ளலாகாது. பிறர் விட்டுச்சென்ற சொத்தைப் பொறுத்தவரை அவன் உயிருள்ளவனாகக் கொள்ளப்படான். எனவே அப்பங்கு அவனுக்கு உறுதியாவதில்லை. ஒரே மனிதன் ஒரே வேளையில் இரு நிலையிலும் வைக்கப்படுகின்றான். அறியாததை அறிந்ததாகக் காட்ட விரும்பாத ஒரு நேர்மை இம்முடிபில் உண்டு.

இந்து தருமநூல்கள் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த பின்னர் தருப்பையால் உருவம் சமைத்து எரிக்குமாறு விதித்தன. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி, ஏழு ஆண்டு என வரையறுத்தது. பயங்கரவாதச் செயல், கலகம் ஆகியவற்றினால் மறைந்தோரைப் பொறுத்து, ஓராண்டு கடந்தாற் போதும் என்றது 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டம். பன்னிரண்டு, ஏழு, ஒன்று. மறைந்தோர் தொகை பெருகிய நாட்டிலே காத்திருக்கும் காலம் சுருங்கியது என்பது கவனித்தற்குரியது.

சாட்சியச் சட்டத்தின் அவ்விதியை நுணுகி நோக்குதல் தகும். ஒருவர் உயிரோடிருப்பின் அவரைப்பற்றி இயல்பாகவே கேள்விப்பட்டிருக்கக் கூடியோர், அவ்வாறு கேள்விப்படவில்லை என்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். நிறுவப்பட்டதும், அவர் இருக்கின்றார் என்று கூறுபவர்மீதே அதனை மெய்ப்பிக்கும் சுமை சாரும். கப்பலேறிச் சென்று திரும்பாதவனுக்கு இவ்விதி நன்கு பொருந்தும். பூட்டிய அறையொன்றில் வைக்கப்பட்டவனுக்கு அது எங்ஙனம் பொருந்தும்? அவன் செய்தி அனுப்பாமைக்குக் காரணம் இறப்பாகவே இருத்தல் வேண்டுவதில்லை, கதவாகவும் இருக்கலாம். மகன் இருக்கின்றான் என்று கூறும் தாய் அதனை நிரூபிக்க வேண்டியவளாகின்றாள். கதவின் திறவுகோலை வைத்திருப்பவனோ எதனையும் நிரூபிக்க வேண்டியவனல்லன்.

இல்லாத ஒன்றை ‘இல்லை’ என்று அறிவது எங்ஙனம் என்னும் வினா இந்நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலை கூறும் அளவைகளுள் அபாவமும் ஒன்று. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவைகளை எண்ணுமிடத்து அதனைக் குறிப்பிடுகின்றது. குடம் இருந்த இடத்தைப் பார்த்து ‘இங்கே குடம் இல்லை’ என்று அறிதல் அபாவத்திற்கு எடுத்துக்காட்டாகத் தருக்க நூலார் வழங்குவது. ஆனால், காணாமை அனைத்தும் இன்மைக்குச் சான்றாகாது என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். இருட்டறையிலே நின்று குடத்தைக் காணவில்லை என்பவன் குடத்தின் இன்மையை அறிந்தவனல்லன். பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் நிலை முதலில் அமைதல் வேண்டும். விளக்கு வேண்டும், பழுதற்ற கண் வேண்டும், பார்வை அவ்விடத்தை நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். இவை அமைந்த பின்னரே ‘காணவில்லை’ என்னும் கூற்று ‘இல்லை’ என்னும் அறிவாகக் கனிகின்றது. காணாமற்போனோர் பற்றி இலங்கையில் நடைபெற்ற பொது விசாரணைகளை மதிப்பிடுவதற்கு இதனினும் சிறந்த உரைகல் இல்லை எனலாம்.

2006ஆம் ஆண்டு முதலான போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய பகுதிகளில் வெள்ளை வான் என்னும் சொல் அச்சத்தின் பெயராயிற்று. அதே காலத்தில் அப்பகுதிகளின் தமிழர் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்குவோரின் பெயர்கள் பொலிஸ் நிலையங்களிற் பதியப்பட்டன. எவர் வந்தார், எவ்வூரிலிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார் என்பனவெல்லாம் அரசுக்குத் தெரிந்தன. 2007 ஜூன் 7ஆம் நாள் விடுதிகளிலிருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பினின்று வெளியேற்றப்பட்டமையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தமையும் யாவரும் அறிந்ததே. இருப்போரை இத்துணை நுட்பமாக எண்ணத் தெரிந்த ஓர் ஆட்சி, இல்லாமற்போனவரைப் பற்றி வினவப்பட்டபோது ‘எமக்குத் தெரியாது’ என்றது. விளக்கு இல்லாமையன்று குறை. அது எப்பக்கம் பிடிக்கப்பட்டது என்பதே வினா.

பல்கலைக்கழகத்தார் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2006 செப்டெம்பர் இறுதியில் கிழக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்பதே கடத்தியோர் விதித்த நிபந்தனை. துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் பதவி விலகற் கடிதத்தைக் கொடுத்தார், பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். அதன்பின் கொழும்பிலே தங்கியிருந்த துணைவேந்தர், 2006 டிசெம்பர் 15ஆம் நாள் கொழும்பு 7, வித்தியா மாவத்தையில் நடைபெற்ற விஞ்ஞானிகளின் ஆண்டு மாநாட்டுக்குச் சென்றார். வீடு திரும்பவில்லை. காவல் மிகுந்த அப்பகுதியில், பகல் வேளையில், அறிஞர் பலர் கூடிய ஓரிடத்தினின்று ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் மறைந்தார். இருந்தால் தென்பட்டே தீரவேண்டிய இடம் ஒன்று கொழும்பில் உண்டெனின் அஃது இதுவே. இங்கே ‘எவரும் காணவில்லை’ என்பது இன்மைக்குச் சான்றாகாது. காண்போர் வாளாவிருந்தமைக்கே சான்றாகும்.

இவ்வாறு மறைந்தோரின் பெயர்களைத் திரட்டும் பணியை அக்காலத்தில் ஏற்றவர்கள் அரசியலாளர் சிலரும் உறவினருமே. மனோ கணேசன் முதலியோர் 2006இல் அமைத்த மக்கள் கண்காணிப்புக் குழு பெயர்ப்பட்டியல் தொகுத்தது. அக்குழுவைத் தொடங்கியோருள் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ், 2006 நவம்பர் 10ஆம் நாள் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணக்கெடுத்தலே உயிருக்கு ஆபத்தாயிருந்த காலம் அது.

அரசு அமைத்த ஆணைக்குழுக்கள் பல. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலவேலி இடப்பட்டது. 1991இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, தான் அமைக்கப்பட்ட நாளுக்குப் பின் நிகழ்ந்தவற்றையே ஆராயப் பணிக்கப்பட்டது. தெற்கிலே சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மறைந்த முந்திய ஆண்டுகள் வேலிக்கு அப்பால் நின்றன. 1994இல் அமைந்த மூன்று வலய ஆணைக்குழுக்கள் 1988 ஜனவரி 1ஆம் நாளிலிருந்து தொடங்கின. 16,000க்கு மேற்பட்டோர் காணாமலாக்கப்பட்டமையை அவை உறுதிசெய்தன என்பது பெரிய பணியே. அதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியற்ற செயலாகும். 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழு பெற்ற பொதுமக்கள் முறைப்பாடுகள் மட்டும் ஏறத்தாழ 19,000. ஆயினும் பார்க்க வேண்டிய இடமும் காலமும் விசாரணைக்கு முன்னரே வரையறுக்கப்படும்போது, வேலிக்கு அப்பாலுள்ளவன் இருமுறை மறைகின்றான். கடத்தியவன் கையில் ஒருமுறை, ஆணைக்குழுவின் நியமனக் கடிதத்தில் ஒருமுறை. வேலிக்கு உள்ளே இருந்தவனின் தாயும் அதே கதையை வெவ்வேறு மேசைகளின் முன் மீண்டும் மீண்டும் சொன்னாள். ‘இறுதியாக எப்போது கண்டீர்?’ என்று அவளை வினவினர். காணாதவளிடமே காட்சியைக் கேட்டனர்.

மொழியும் இவ்விடத்தில் நோக்கற்பாலது. ‘காணாமற்போனார்’ என்னும் வழக்கில் காணாமை எஞ்சியோரின் தொழில். போதலோ மறைந்தவரின் தொழில். தாமே எழுந்து போயினார் போல அத்தொடர் ஒலிக்கின்றது. வடக்கு கிழக்கிலுள்ள உறவினர் இதனை ஏற்காது ‘வலிந்து காணாமலாக்கப்பட்டோர்’ என்றனர். பொருத்தமான திருத்தமே. எனினும் செயப்பாட்டு வினைக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. செய்தவனைக் கூறாமலே வாக்கியம் முற்றுப்பெற்றுவிடும். ‘எவரால்’ என்னும் மூன்றாம் வேற்றுமைக்குரிய இடம் வெறுமையாகவே நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாகி, 2018இல் உறுப்பினர் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்குத் தடுப்பு இடங்களுட் புகுந்து பார்க்கும் அதிகாரம் உண்டு. அளவை நூலார் வேண்டிய விளக்கு அஃது எனலாம். ஆனால் அவ்வலுவலகத்தின் முடிபுகள் எவர்மீதும் குற்றவியற் பொறுப்பையோ குடியியற் பொறுப்பையோ தோற்றுவிக்கா என்று அதே சட்டம் விதித்தது. ‘எங்கே’ என்பதை அறியலாம். ‘எவரால்’ என்பது வேறொரு வாயிலில் தட்டிக் கேட்க வேண்டியது.

பார்வை உரிய இடத்தை நோக்கித் திரும்பினால் யாது நிகழும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பதினொருவர் கடத்தப்பட்டனர். அவருள் மாணவர் ஐவர், 2008 செப்டெம்பர் 17ஆம் நாள் தெகிவளைப் பகுதியில் மறைந்தவர்கள். தமிழரோடு முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். 2009 மே மாதத்தில் அன்றைய கடற்படைத் தளபதி தம் பாதுகாப்பு அதிகாரி ஒருவர்மீது முறைப்பாடு செய்தார். அவ்வதிகாரியின் பொருள்களிடையே காணாமற்போனோரின் அடையாள அட்டைகள் முதலியன கிடைத்திருந்தன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்நூலிழையைப் பற்றிச் சென்றது. தொலைபேசிப் பதிவுகள் ஆராயப்பட்டன. தடுத்து வைக்கப்பட்டிருந்த நிலையிலும் ஓர் இளைஞர் வீட்டாரோடு பேசியிருந்தார் என்பது தெரிந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் நிலக்கீழ் அறைகள் வரை விசாரணை சென்றது. அங்கே அப்பதினொருவர் இல்லை. ஆனால் அந்த ‘இல்லை’ முன்னைய ‘இல்லை’களினும் வேறானது, இருந்த இடத்தைச் சென்று பார்த்துச் சொன்ன ‘இல்லை’ அது. 2019இல் பதினால்வர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. 2021இல், அவருள் ஒருவரான முன்னாள் தளபதி மீதான வழக்கைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். ஆணைக்குழு எதுவும் தராத அளவு தெளிவை ஒரு சில புலனாய்வாளரின் எளிய உழைப்புத் தந்தது என்பதையும், அத்தெளிவு தானாகவே நீதியாகிவிடவில்லை என்பதையும் ஒருங்கே இவ்வழக்கில் காணலாம்.

முடிவற்ற தேடலும் ஒரு கொடுமையன்றோ என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. காணியை மாற்றவும், வங்கிப் பணத்தை எடுக்கவும், மறுமணம் செய்யவும் ஒரு தாள் தேவைப்படுகின்றது. இறப்புச் சான்றிதழைப் பெற மறுத்தோர் பலர். வறுமையினால் பெற்றோரும் பலர். பெற்றவர் அதனால் மரணத்தை ஏற்றார் எனக் கொள்ளுதல் பிழை. பசி கையொப்பமிட்டது, அறிவு இடவில்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்டுக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வழங்க வழி பிறந்தது. இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் அத்தாளில் ஹனபி அறிஞரின் பழைய நேர்மை ஓரளவு மீண்டு வந்துள்ளது. எனினும் அத்தாளிலும் ஒரு வரி குறைகின்றது: எங்கெங்கே தேடப்பட்டது என்னும் வரி. கடலும் நெருப்பும் விழுங்கியவற்றை எந்த ஆட்சியாலும் மீட்டுத்தர முடியாமற் போகலாம். கண்டுபிடிக்கத் தவறுதல் குற்றமன்று. தேடிய இடங்களையும், தேடச் சென்றபோது அடைக்கப்பட்ட கதவுகளையும் வெளியிடாது ‘கிடைக்கவில்லை’ என்று கையொப்பமிடுதலே குற்றம். இது விடுதலைப் புலிகளின் பிடியில் மறைந்தவர்களுக்கும் பொருந்தும். 1990இல் குருக்கள்மடத்தில் கொண்டுசெல்லப்பட்ட முஸ்லிம் மக்களின் உறவினர், ஒரு குறிப்பிட்ட நிலத்தைச் சுட்டிக்காட்டி அதனைத் தோண்டுமாறே நெடுங்காலம் கேட்டனர். அவர்கள் கேட்டது இழப்பீட்டுக்கு முன்னர் ஒரு பார்வையை.

யாழ்ப்பாணத்துச் செம்மணியைப் பற்றி, மரண தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் 1998இல் நீதிமன்றத்திலேயே கூறினார். 1999இல் பதினைந்து உடல்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பின்னர் கால் நூற்றாண்டு அந்நிலம் அவ்வாறே கிடந்தது. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் வேறு வேலைக்காக மண் வெட்டப்பட்டபோது என்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுட் சிறு குழந்தைகளுடையனவும் இருந்தன. 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள், நீதிமன்றக் கட்டளைப்படி, அங்கே கிடைத்த ஆடைகளும் பொருள்களும் மக்கள் அடையாளம் காணும்பொருட்டு வைக்கப்பட்டன. ஒரு பள்ளிப்பை இருந்தது. ஒரு பொம்மை இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் கேள்விகளுக்கு விடை சொல்லியவர்கள் அன்று தாமே பார்க்கும்படி அழைக்கப்பட்டனர். வரிசையில் வந்தார்கள், ஒவ்வொரு துணியின் முன்னும் நின்றார்கள், தையலைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள், அடுத்ததற்கு நகர்ந்தார்கள்.