தாங்குதலும் தோன்றுதலும்

தூணின் தலைப்பில் அமர்ந்து, மேலே செல்லும் உத்தரத்தை ஏந்தி நிற்கும் உறுப்பைப் போதிகை என்பர் நம் சிற்பிகள். மர வீடுகளில் அது தூணின் பக்கத்திலிருந்து சாய்வாக எழுந்து உத்தரத்தைத் தொடும் கையாகவும் அமைவதுண்டு. தூணின் உயரத்தைப் புகழ்வோர் உண்டு. உத்தரத்தின் கனத்தை வியப்போர் உண்டு. இரண்டுக்கும் இடையே நின்று உழைக்கும் இச்சிறு கையை நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. எம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு போதிகையைச் செல் அரித்து உதிர்க்கும் வரை, நாமும் அதை நோக்கியவர் அல்லர்.

புதிய போதிகையை நாமே செய்வதென முடிவு செய்தோம். ஓய்வுக்காலத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது ஒரு காரணம். கோடை விடுமுறைக்கு வரும் பேத்திக்கு அந்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது மற்றொரு காரணம்.

போதிகை செய்யும் பணி எளிதில் விளங்கக்கூடியதே. எம் தாழ்வாரத்தில் இரு தூண்களுக்கு இடையே 10 அடி. இரு புறமும் ஓரடி நீளமுள்ள போதிகைகள் ஏந்தி நின்றால், உத்தரம் துணையின்றிக் கடக்க வேண்டிய தொலைவு 8 அடியாகிறது. கூரையின் பாரம் சீராகப் பரவியிருக்கும்போது, உத்தரத்தை வளைக்கும் விசை தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே ஐந்தில் ஒரு பங்கு தொலைவு குறைந்தால், வளைக்கும் விசை எளிய கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடுகிறது. மேலும், தூணும் உத்தரமும் சாய்ந்த கையும் சேர்ந்து ஒரு முக்கோணமாகின்றன. நாற்கோணச் சட்டம் காற்றில் சாயும். முக்கோணமோ தன் பக்கம் ஒன்று முறியாதவரை வடிவம் மாறாது. சிறிய உறுப்பு, பெரிய பணி.

முதல் முயற்சியில், இரண்டு அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகையில் கொடி சுருண்டு எழுவது போன்ற வடிவை வரைந்து அறுத்தோம். பார்ப்பதற்கு மிக அழகாகவே இருந்தது. கைதவறித் தரையில் விழுந்ததும், கொடியின் மெலிந்த வளைவில் இரண்டாக முறிந்தது. அங்கே மரத்தின் நார்கள் வளைவுக்குக் குறுக்கே ஓடியதை நாம் கவனித்திருக்கவில்லை. பாரம் செல்லும் வழியே நார் ஓட வேண்டும். அழகு அதன்மேல் அமர வேண்டும் என்பதை அந்த முறிவு கற்பித்தது.

இரண்டாம் முறை, நார் சாய்வாகவே ஓடும்படி பலகையைத் திருப்பி வரைந்து அறுத்தோம். முளையும் துளையும் பொருந்தின. ஆனால் மேற்பரப்பை இழைக்கையில் இழைப்புளியை முனையில் சற்று மிகுதியாக அழுத்திவிட்டோம், முனை தாழ்ந்துவிட்டது. தூணில் பொருத்தியபோது, உத்தரத்துக்கும் போதிகையின் வெளி முனைக்கும் இடையே ஓர் அரிசியின் கனத்தில் இடைவெளி. மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடைவெளியை அடைத்து, மேலே வண்ணம் பூசினால் எவருக்கும் தெரியப் போவதில்லை. அவ்வாறே செய்ய முனைந்தோம்.

அவ்வேளையில் தற்செயலாக வந்த முதிய ஆசாரி ஒருவர், சட்டைப் பையிலிருந்த பழைய ரசீது ஒன்றை எடுத்து அந்த இடைவெளியில் நுழைத்தார். அது தடையின்றி மறுபுறம் வந்தது. "ஐயா, காகிதம் போகிற இடத்துல பாரம் இறங்காது" என்றார். "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தாங்குதுன்னு நம்பி நாளைக்கு ஒருத்தர் ஊஞ்சல் மாட்டுவாரே!"

நம்பி மாட்டப் போகிறவர் நாமே என்பதை அவர் அறியார். அன்றிரவு அந்தச் சொல் எம்மை உறங்கவிடவில்லை. ஒரு மரத்துண்டு பொய் சொல்லுமா? சொல்லுமெனில், அதன் அழகுதான் அந்தப் பொய்யா?

இவ்வினா புதியதன்று. அணி என்பது கட்டுமானத்துக்கு இன்றியமையாத உறுப்புகளை அழகு செய்வதாக இருக்க வேண்டுமேயன்றி, வேலையற்று ஒட்டப்படுவதாக இருத்தல் ஆகாது என்று ஆங்கிலக் கட்டடக் கலைஞர் பியூஜின் 1841ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். 1849இல் ஜான் ரஸ்கின், மெய்யான தாங்குமுறையை மறைத்து வேறொரு முறையில் தாங்குவதாகக் காட்டுவதைக் கட்டடக் கலையின் வஞ்சனைகளுள் ஒன்றாக எண்ணினார். இவ்விருவர் சொல்லையும் முற்றும் ஏற்பின், எம் இரண்டாம் போதிகை குற்றவாளியே.

ஆயினும் நம் நாட்டுக் கற்கள் வேறொரு வழக்கை முன்வைக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அதை ஆக்கியதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அங்கும் தூண்களின்மேல் போதிகைகள் உண்டு. ஆனால் தூணும் போதிகையும் உத்தரமும் ஒரே பாறை. தனித்தனி உறுப்புகளே இல்லாத இடத்தில், ஒன்றை மற்றொன்றின்மேல் ஏற்றிவைக்கப் போதிகை எதற்கு? மரத்தச்சரின் பழைய வடிவத்தை மறவாமல் கல்லில் வைத்தனர் என்றே கொள்ள வேண்டும்.

பின்வந்த காலங்களில் போதிகை பல உருவங்கள் பெற்றது. பல்லவர் கால வளைவும், சோழர் காலக் கோணமும், விசயநகரக் காலத்தில் முனையிலிருந்து தொங்கும் பூமொட்டும் ஒன்றினின்று ஒன்று மாறி வந்தவை. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 1914இல் வெளியான தம் நூலில், இம்மாற்றங்களைக் கொண்டே தென்னகக் கோயில்களின் காலத்தைப் பிரித்தறியும் வழி காட்டினார். அந்தத் தொங்கும் மொட்டு எதையும் தாங்குவதில்லை. அதைப் பொய் என்போமா?

என்னோம். மொட்டு கீழ்நோக்கித் தொங்குகிறது; தாங்குவதாக அது எவரிடமும் சொல்லவில்லை. மண்டகப்பட்டுப் போதிகையோ தாங்குவதாகத் தோன்றுகிறது. ஆனால் அதை நம்பி உள்ளே நுழைந்தவர் தலையில் கூரை விழவில்லை. பாறை அந்த நம்பிக்கையைக் காத்து நிற்கிறது. ஆகவே, வேலையற்ற அழகு தன்னளவில் பொய்யன்று. ஒருவர் தம் பாரத்தை நம்பி வைக்கும்படி அழைத்துவிட்டு, பாரம் வரும்போது அங்கே இல்லாதிருப்பதே பொய். அழகு இரவலாய் வாங்குவது நம்முடைய நம்பிக்கையை. அந்த இரவலைத் திருப்பித் தர இயலாதபோதுதான் அது வஞ்சனையாகிறது.

இவ்வாறு எண்ணியபோது, போதிகை ஒருபுறமிருக்க, வேறொரு நினைவு எழுந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் மறைந்தார். அடக்கம் முடிந்து திரும்புகையில் அவர்தம் மனைவியின் கையைப் பற்றி, "எதற்கும் கலங்காதீர்கள், அண்ணி, நாங்கள் இருக்கிறோம்" என்றோம். நயமாகவே சொன்னோம், கேட்டவர்களும் நெகிழ்ந்தனர். அதன்பின் அவ்வீட்டுப் படியை நாம் ஏறவில்லை. அவர்களும் எதுவும் கேட்டு வரவில்லை. ஒருவேளை வந்து பார்த்திருந்தால், எம் சொல்லுக்கும் அவர்தம் துயரத்துக்கும் இடையே ஒரு காகிதம் தாராளமாக நுழைந்திருக்கும்.

ஆறுதல் சொற்களே வேண்டா என்பதன்று எம் கருத்து. சொல்லின் நயமும் வேண்டும். தாங்கும் இடத்தில்தான் நம் முன்னோர் பூவைச் செதுக்கினர். ஒன்றின் பாரம் மற்றொன்றின்மேல் இறங்கும் இடம் எதுவென்று கண் அறிந்து மதிக்கட்டும் என்பது போல அவ்வணி அங்கே நிற்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அவ்வாறு இடையில் நின்று தாங்குவோர் உண்டு. இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருக்கும் மருமகள், தம்பியரின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்ட மூத்த மகள் என அவர்களைப் பெயர் சொல்லி அடுக்கலாம். அவர்களுக்கு நாம் ஒரு பூவும் செதுக்குவதில்லை. தாங்காதவர்க்கோ மேடையும் மாலையும் தருகிறோம். அழகு பிழையன்று, அதை இடம் மாற்றி வைப்பதே பிழை.

மூன்றாம் போதிகையைச் செய்து முடிக்க நான்கு மாலைகள் ஆயின. இம்முறை கொடியை எளிமையாக்கி, மேற்பரப்பை மூலைமட்டம் வைத்துப் பலமுறை சரிபார்த்தோம். ஆசாரி வந்தார், ரசீது நுழையவில்லை. உத்தரத்தையும் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். ஊஞ்சலைக் கட்டினோம், பேத்தி ஆடுமுன் நாமே அமர்ந்து பார்த்தோம்.

இரண்டாம் போதிகையை எறியவில்லை. வீட்டினுள் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதன்மேல் ஒன்றும் இல்லை. எதையும் தாங்குவதாக அது காட்டவும் இல்லை. வருவோர் அதன் சுருள்களைப் பாராட்டிச் செல்கின்றனர். தாழ்வாரத்தில் பொய்யாகவிருந்த அதே மரம், இங்கே பொய்யின்றி அழகாயிருக்கிறது.

அண்ணியின் வீட்டுப் படி மட்டும் இன்னும் ஏறப்படாமல் இருக்கிறது. அதற்கு உளியும் இழைப்புளியும் வேண்டா. ஒரு பேருந்துச் சீட்டுப் போதும். இக்கட்டுரையை அஞ்சலில் சேர்த்த கையோடு புறப்பட எண்ணியிருக்கிறோம்.