யாரும் பார்க்காத மழை

போர்ட் பிளேயரை அடுத்த சிப்பிகாட்டில் 2004 டிசம்பர் 26 காலை வரை வயலாக இருந்த நிலம் அன்றோடு கடலாகிப்போனது. அலை ஏறி வந்ததோடு நின்றிருந்தால், நீர் வடிந்ததும் உப்பைக் கழுவிவிட்டு மறுபடி நாற்று நட்டிருப்பார்கள். ஆனால் நிலநடுக்கம் தென் அந்தமானையே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறக்கிவிட்டது. அலை திரும்பிப் போனது, கடல் திரும்பவில்லை. வரப்பு இருந்த இடத்தில் ஓதநீர் ஏறி இறங்கத் தொடங்கியது. அதே நாளில் அந்தமானின் வடமேற்குக் கரையில் நிலம் எழும்பி, பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்தன. இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். பார்த்தவர் எவருமே இல்லாத மாற்றங்களை என்ன செய்வது? பனியுகத்தில் இந்தக் கடல்மேல் மழை குறைந்தது, ஐந்தரைக் கோடி ஆண்டுக்கு முன் உலகக் கடல்கள் புளித்தன என்றெல்லாம் இன்று எழுதுகிறோம். மனிதக் கண் ஒன்றுகூடப் படாத நிகழ்வை ‘அறிந்தோம்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இது அறிவியல் கேள்வியாகத் தோன்றினாலும் நம் சமயவாதிகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேலாக வாதிட்ட கேள்வி. அறிவுக்கு எது சான்றாகும் என்று, அளவை என்ற பெயரில் அவர்கள் நடத்திய வழக்கில், சிப்பி ஒன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம்.

தமிழ்க் காதுக்குச் சிப்பிகாட் என்ற ஊர்ப்பெயரில் கேட்கும் சிப்பி கையில் அள்ளக்கூடியது. ஆழ்கடலின் சிப்பி அப்படிப்பட்டதன்று. ஃபொராமினிஃபெரா என்னும் ஓரணு உயிர்கள் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. சில நீரின் மேல்மட்டத்தில் மிதக்கின்றன, சில அடிமண்ணில் வாழ்கின்றன. செத்ததும் ஓடு தரையில் சேர்கிறது. கரையிலிருந்து விலகிய பெருங்கடலில் இப்படிச் சேரும் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். லிட்டில் அந்தமானுக்குக் கிழக்கே, 1,400 மீட்டரை நெருங்கும் ஆழத்தில், ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் 2006இல் இந்திய வாயு ஹைட்ரேட் திட்டத்துக்காகவும், 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை பருவமழை வரலாற்றைத் தேடிய 353ஆம் பன்னாட்டுப் பயணத்திலும் கடல்தரையைத் துளைத்தது. வெளியே வந்த மண்தூண் எழுநூறு மீட்டர் அளவுக்குக் கீழே போய், மயோசீன் காலத்தின் பிற்பகுதியைத் தொட்டது. ஓடுகளும் களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் மாறி மாறி அடுக்கிய அந்தத் தூணில் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அது தானாக எதையும் சொல்லாது. நாம்தான் கருதி அறிய வேண்டும்.

கருதல் என்பதே அனுமானத்துக்குத் தமிழ் இட்ட பெயர். நியாய மரபினர் இதற்குத் தரும் பழைய உதாரணம் ஒன்று அந்தமான் கடலுக்காகவே செய்தது போலிருக்கிறது. ஆறு நிரம்பி, நீரின் தன்மை மாறி, வேகமாக ஓடுவதைக் காண்கிறோம். மேல்நாட்டில் மழை பெய்தது என்று அறிகிறோம். மழையை நாம் பார்க்கவில்லை. காரியத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்கு ஏறுகிறோம். அந்தமான் கடலில் ஐராவதியும் சால்வினும் கொட்டும் நன்னீர் மேல்மட்ட உப்பைக் குறைக்கிறது. மழைநீரில் எடை குறைந்த ஆக்சிஜன் 16 கூடுதலாகவும், எடை மிகுந்த ஆக்சிஜன் 18 குறைவாகவும் இருக்கும். மழை வலுத்து ஆறு பெருகிய காலத்தில் மேல்மட்டத்தில் மிதந்த உயிர் அந்த நீரைக் கொண்டே ஓடு கட்டியதால், ஓட்டிலும் அந்த விகிதம் பதிகிறது. கடைசிப் பனியுகத்தின் ஓடுகள் அன்றைய மேல்மட்டம் இன்றைவிட உப்பாக இருந்ததையும், பருவமழை மெலிந்து ஆற்றுவரத்து குறைந்திருந்ததையும் காட்டுகின்றன. இருபதாயிரம் ஆண்டுக்கு முன் பர்மிய மலைகளில் பெய்யாமல் போன மழையை இன்று ஓர் ஓட்டில் நிறுத்துப் பார்க்கிறோம். ஆற்றங்கரையில் நின்ற நியாயவாதி செய்ததும் இதைத்தான்.

இதற்கு முதல் மறுப்பு உலகாயதரிடமிருந்து வரும். காட்சி ஒன்றே அளவை. புகையும் நெருப்பும் எப்போதும் சேர்ந்தே இருக்கும் என்பதை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் பார்த்தவர் யார்? இன்றைய ஃபொராமினிஃபெரா இப்படி ஓடு கட்டுகிறது என்பதால், அன்றைய உயிரும் இப்படியே கட்டியது என்று எப்படிச் சொல்வாய்? எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பன்று இது. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் சமயக்கணக்கரை ஒவ்வொருவராகக் கேட்டு வரும் மணிமேகலை கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் அவனிடம், கருதி அறிவதை விட்டுவிட்டால் உன் தாய்தந்தையரை நீ எப்படி அறிவாய் என்று கேட்டு நகைக்கிறாள். அந்த நகைப்புக்குள் ஒரு கடுமையான வாதம் இருக்கிறது. தன் பிறப்பை எவரும் பார்த்ததில்லை. கருதலைத் துறந்தவனுக்குக் கடலின் கடந்த காலம் மட்டும் இல்லாமல் போவதில்லை, சொந்தக் கடந்த காலமும் இல்லாமல் போகிறது. எனவே கருதலாமா என்பது கேள்வியே அன்று. எந்தக் கருதலை நம்பலாம் என்பதே கேள்வி.

இந்த இடத்தில் நியாய சூத்திரம் தனக்கு எதிராகத் தானே ஒரு மறுப்பை எழுப்பிக்கொள்கிறது. ஆறு நிரம்பியது மழையால்தானா? கீழே எங்கோ அடைப்பு ஏற்பட்டும் நீர் தேங்கியிருக்கலாமே? விடையையும் அதுவே தருகிறது: தேங்கிய நீர் வேறு, மழைவெள்ளம் வேறு. வாத்ஸ்யாயனரின் உரை அந்த வேறுபாட்டின் அடையாளங்களைச் சொல்கிறது: விசை, நுரை, மிதந்து வரும் பழம், இலை, கட்டை. தனி அடையாளம் ஏமாற்றலாம். சேர்ந்து வரும் அடையாளங்கள் ஏமாற்றுவது கடினம். ஆழ்கடல் ஆய்வின் வரலாறு இந்த உரையின் விரிவு போலவே நடந்திருக்கிறது. 1947இல் ஹரால்ட் யூரி ஆக்சிஜன் விகிதத்தைப் பழங்கால வெப்பமானியாக்கலாம் என்றார். 1955இல் சேசரே எமிலியானி ஆழ்கடல் ஓடுகளை அளந்து, விகிதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் கடலின் வெப்ப ஏற்ற இறக்கமாகவே படித்தார். 1967இல் நிக்கலஸ் ஷாக்கில்டன் அடைப்பைச் சுட்டிக்காட்டினார்: கண்டங்களின் மேல் பனிப்பாளம் வளரும்போது எடை குறைந்த ஆக்சிஜன் பனியில் சிறைப்படுகிறது, மிஞ்சிய கடல்நீர் கனக்கிறது, ஆகவே எமிலியானி கண்ட மாற்றத்தில் பெரும்பங்கு வெப்பமன்று, பனி. ஒரே குறிக்கு வெப்பம், பனி, உப்பு என்று மூன்று காரணங்கள் வந்து நின்றன. அப்புறம் நுரையும் இலையும் தேடினார்கள். வெதுவெதுப்பான நீரில் கட்டிய ஓட்டில் மக்னீசியம் கூடுதலாகச் சேர்கிறது. வெப்பத்தை அதைக்கொண்டு தனியே அளந்து, ஆக்சிஜன் கணக்கிலிருந்து கழிக்கலாம். பனியின் பங்கு உலகக் கடல் முழுவதற்கும் பொது என்பதால், அதையும் வேறு கடல்களின் பதிவைக் கொண்டு கழிக்கலாம். மிஞ்சுவது அந்தமான் கடலின் உப்பு, அதாவது மழை. பாரிசேடம் என்று பழைய அளவை நூலோர் சொன்ன ஒழிபறிவு இதுதான். எமிலியானி தவறினார் என்பதைவிட, தவறு எங்கே என்று காட்டும் வழியை அந்தக் கருதல் தனக்குள்ளேயே வைத்திருந்தது என்பது முக்கியம். வேதவாக்காக ஏற்கும் திருத்த முடியாத உரைக்கும், கருதலுக்கு ஆதாரமான திருத்தத்தக்க ஏதுவுக்கும் உள்ள தூரம் அதுவே.

இன்னொரு மறுப்பும் கூர்மையானது. 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கில்டன் மூவரும் தென் இந்தியப் பெருங்கடலின் மண்தூண்களைக்கொண்டு, பனியுகங்களின் தாளம் பூமியின் சுற்றுப்பாதை மாறுதல்களோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். ஏறத்தாழ 23,000, 41,000, 1,00,000 ஆண்டுச் சுழற்சிகள் அவை. அதன் பிறகு பல மண்தூண்களின் வயதையே அந்தச் சுற்றுப்பாதைக் கணக்கோடு பொருத்திக் கணிக்கிறார்கள். சுற்றுப்பாதையால் வயதை நிறுவி, வயதால் சுற்றுப்பாதையை நிறுவினால் அது ஒன்றையொன்று சார்தல் என்னும் குற்றமல்லவா? வேறு சான்று இல்லாதிருந்தால் குற்றமேதான். ஆனால் பூமியின் காந்தமுனைகள் கடைசியாக இடம் மாறிய சுவடு, ஏழே முக்கால் லட்சம் ஆண்டுக்கு அருகில், சேற்றிலும் பதிந்திருக்கிறது, நிலத்தின் எரிமலைப் பாறையிலும் பதிந்திருக்கிறது. பாறையின் வயதைக் கதிரியக்கம் தனியே சொல்கிறது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுக்கு முன் கக்கிய சாம்பல் வங்கக் கடலடி மண்ணில் தனிக்கோடாகக் கிடக்கிறது. இந்த ஆணிகளில் மாட்டிய பிறகுதான் கணக்குக்கு வலு வருகிறது. ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. கடல்தரைப் புழுக்கள் மேல்மண்ணைக் கிளறிக் கலப்பதால் ஆண்டும் தசாப்தமும் அழிந்துபோகின்றன. ஒரு டிசம்பர் காலையின் பேரலையை இந்த மண்தூணில் தேடக் கூடாது. அதைத் தேடுபவர்கள் தென் அந்தமான் கரையோரச் சதுப்பில் குழி வெட்டி, அலை கொண்டுவந்து போட்ட மணலடுக்கைப் பார்க்கிறார்கள். எந்த ஏது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று தெரிந்திருப்பதும் அளவையின் பகுதி.

இல்லாமையும் ஒரு சான்று என்று சிலர் வாதிட்டார்கள். மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. ஆழ்கடலில் அதற்கு அசைக்க முடியாத உதாரணம் இருக்கிறது. நீர் ஆழமாக ஆக குளிரும் அழுத்தமும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் கூடி, ஓர் எல்லைக்குக் கீழே சுண்ணாம்பு தங்காமல் கரைந்துவிடும். கடலுக்குக் கடல் மாறினாலும், பொதுவாக 4,000 முதல் 5,000 மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை இருக்கிறது. கடலுக்கடியில் மலை இருந்தால் அதன் மேற்பகுதி வெள்ளையாகவும் அடிவாரம் செங்களியாகவும் காணும். 2003இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் எடுத்த தூண்களில், வெள்ளைச் சேற்றின் நடுவே ஒரு செங்களிப் பட்டை குறுக்கிட்டது. வயது சுமார் 5.6 கோடி ஆண்டு. அன்று காற்றிலும் கடலிலும் ஏராளமான கார்பன் புகுந்து, உலகம் ஐந்து டிகிரி அளவுக்குச் சூடேறி, கரையும் எல்லை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து வந்தது. பழைய நிலை முழுவதும் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டிய ஓடுகள் கரைந்தே போயின. கரைந்ததே செய்தியாக நிற்கிறது. இருப்பதை மட்டும் எண்ணிய கண்ணுக்கு அது வெறும் களிமண்.

இனிச் சமயப் பற்றுள்ளவர்கள் இரு பக்கமிருந்தும் பேசுவார்கள். ஒரு சாரார், இதெல்லாம் நம் முன்னோர்க்குத் தெரிந்ததே என்பார்கள். பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு, பாருங்கள் பொருத்தத்தை என்பார்கள். பனியுகத்தில் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்று ஓடுகள் சொன்னதும், கடல்கோளுக்குச் சான்று கிடைத்துவிட்டது என்பார்கள். எண் ஒத்துப்போவது அறிவாகாது. அந்த எண்ணுக்கு எப்படி வந்தோம் என்ற ஏதுவும் வேண்டும். பல்லாயிரம் ஆண்டாக மெல்ல ஏறிய கடல் வேறு, புகாரை விழுங்கியதாகக் காப்பியம் சொல்லும் கடல் வேறு. இரண்டையும் ஒட்டிவைப்பது, தேங்கிய நீரைப் பார்த்து மழை என்று சொன்ன பிழையே. வழிவழியாகக் கேட்டு வருவதை ஐதிகம் என்று தனியே பெயரிட்டு வைத்த மரபு நம்முடையது. அந்தப் பெயரை அழித்துவிட்டு ஐதிகத்தைக் காட்சியின் நாற்காலியில் உட்காரவைப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மற்றொரு சாரார், சேற்றுக்கும் ஆன்மாவுக்கும் என்ன தொடர்பு, ஓட்டைக் கணக்கிட்டால் வாழ்வின் பொருள் தெரியுமா என்பார்கள். தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ எந்த ஓடும் சொல்லவில்லை. ஆனால் காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் மூன்றை வைத்தபோதும், அளவை இரண்டே என்று பௌத்தம் சுருக்கியபோதும், இரு சாராரும் கருதலை விடவில்லை. வீடுபேற்றைப் பற்றிய வாதத்துக்கு முன்னால் அளவையைப் பற்றிய வாதத்தை வைத்தார்கள். எதை எப்படி அறிந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாதவன் மெய்ப்பொருளைப் பேசத் தகுதியற்றவன் என்று கருதியதால்தான். தன் முடிவுக்கு எதிரான அடைப்பைத் தானே தேடிப் போகும் அந்த ஒழுக்கம், அகந்தையைக் கழற்றும் பயிற்சிகளில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் நடப்பதால் அது தவமில்லை என்றாகிவிடாது.

ஒழுக்கத்தோடு வினையும் வருகிறது. எவரும் பார்க்காமல் செய்த செயலும் பதிவாகும், பலன் தரும் என்பதை நம் சமயங்களில் பெரும்பாலானவை நம்பச் சொன்னன. நம்பிக்கையாகச் சொன்ன அந்த வடிவத்தைக் கடல் ஒரு சிறு எல்லைக்குள் மெய்யாக்கிக் காட்டுகிறது. இன்று நாம் எரித்து விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது நீரைப் புளிக்கவைத்து மெல்ல ஆழத்துக்கு இறங்குகிறது; இறங்கிய இடத்தில் ஓடு கரையும். செய்பவன் ஒருவன், கரைவது வேறொன்று என்பதால் இதை வினைக்கொள்கையின் நிரூபணம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மேலே மறுத்த பிழையில் நானே விழுவேன். பார்க்க ஆளில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது என்ற அளவுக்கு மட்டும் இந்த ஏது செல்லும். அந்த அளவே போதும். ஆற்றங்கரையில் நின்று மேல்நாட்டு மழையைக் கருதியவனின் இடத்தில் இதுவரை நம்மை வைத்துப் பார்த்தோம். பின்னால் வரப்போகிறவனுக்கு நாம்தான் மேல்நாடு. நுரையும் இலையும் கட்டையும் நம்மிடமிருந்துதான் கீழே போய்க்கொண்டிருக்கின்றன.