காரணமும் குற்றமும்

நோயைக் கண்டவிடத்து மனிதர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "இஃது எதனால் வந்தது?" என்பது ஒன்று, "இது யாரால் வந்தது?" என்பது மற்றொன்று. முன்னது காரணத்தைத் தேடுகிறது. பின்னது குற்றவாளியைத் தேடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தால் நோயாளிக்கு நேரும் தீங்கு சிறிதன்று.

மூளையில் அழுத்தம் மிகும் நோயை எடுத்துக்கொள்வோம். மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உள்ளது. வளர்ந்தவரிடத்து அதன் அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். நாள்தோறும் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாய்ச் சுரக்க, பழையது இரத்தத்திற் கலந்துவிடுகிறது. இவ்வரவும் செலவும் ஒவ்வாவிடின், விரிய இடமில்லாத மண்டையோட்டினுள் அழுத்தம் ஏறும். கட்டி முதலிய தடை ஏதும் காணப்படாமலே இவ்வாறு நேர்வதும் உண்டு. அது பெரும்பாலும் உடல் பருத்த இளம் பெண்களைப் பற்றுகிறது. தலைவலியும், கண் இருளலும் அதன் குறிகள். கவனியாது விட்டால் பார்வையே போய்விடலாம்.

மருத்துவமும் எளிதன்று. ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891-இல் வகுத்த முறைப்படி, முதுகின் கீழ்ப்புறத்தில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கின்றனர். அசெட்டசோலமைடு மாத்திரை நீர்ச் சுரப்பைக் குறைக்கும். கூடவே விரல் நுனிகளில் மதமதப்பையும், சுவைக்கேட்டையும், சோர்வையும் தரும். பார்வைக்கு ஆபத்து நேருமிடத்து, நீரை வயிற்றுக்குள் வடியச் செய்யும் மெல்லிய குழாயைப் பொருத்துவதுண்டு. அது அடைபட்டால் மீண்டும் அறுவை. உடல் எடையைக் குறைக்கவும் சொல்வர். எடை குறைய அழுத்தமும் தணியும்.

என் தமையன் மகள் இந்நோயுற்றிருந்தபோது, காண வந்த உறவினருள் ஒருவர் "முற்பிறப்பின் வினை" என்றார். மற்றொருவர் "தின்றதன் பலன்" என்றார். அதன்பின் அவள் தன் கண் இருள்வதை ஒருவரிடமும் சொல்லாது மறைக்கலானாள். கண் மருத்துவர் சோதித்தபோதே நரம்பு வீங்கியிருப்பது வெளிப்பட்டது. பழிச்சொல்லுக்கு அஞ்சி மறைத்தாள். மறைத்ததால் பார்வையை இழக்க இருந்தாள்.

முதற் கூற்றுக்குப் பகவான் புத்தரே விடை தந்துள்ளார். மோளிய சீவகர் என்னும் துறவி, எல்லா நுகர்ச்சியும் முன்வினையால் வருவதோ என வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாறுதல் முதலாக எட்டுக் காரணங்களைக் கூறினார். வினை அவ்வெட்டில் ஒன்றேயாம். இது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

இரண்டாவது கூற்றோ விஞ்ஞானத்தின் உடையை அணிந்து வருகிறது. பருமன் ஒரு காரணமே. ஆயினும் உடல் பருத்தோர் மிகப் பலருக்கு இந்நோய் வருவதில்லை. பருமனுக்கும் பிறவியமைப்பு, மருந்துகள், அமர்ந்தே செய்யும் வேலை, வீட்டில் சமைக்கும் உணவு எனக் காரணங்கள் பல. இச்சங்கிலியைப் பற்றிச் சென்றால், ஓரிடத்தில் நமது அடுப்பங்கரையும் தென்படும்.

"குற்றங்கூறாவிடின் நோயாளி எவ்வாறு திருந்துவார்?" எனச் சிலர் கேட்கலாம். நான் பஞ்சாலையில் பணிபுரிந்த நாளில், நூல் அடிக்கடி அறுந்தால் மேஸ்திரி தொழிலாளியைத் திட்டுவார், அறுவது நிற்காது. பிட்டரோ காற்றில் ஈரம் போதுமா எனப் பார்ப்பார். காற்று வறண்டால் பஞ்சு நூல் அறும். ஈரம் சேர்த்தபின் ஓட்டம் சீராகும். காரணத்தை அறிந்தவருக்குச் செய்யத்தக்க வேலை ஒன்று கிடைக்கிறது. குற்றத்தைக் கண்டவருக்கோ, தீர்ப்புக் கூறியதோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஆதலின் அன்பர்களே, இந்நோயுற்றோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவருக்கு விதித்த உணவை நீங்களும் உண்ணுங்கள். அவர் நடக்கும்போது உடன் நடவுங்கள். வெளித்தோற்றத்தில் நலமாய்த் தெரியினும், வலிக்கிறது என்றால் நம்புங்கள். "இன்று கண் எப்படியிருக்கிறது?" என நாள்தோறும் கேளுங்கள். அஞ்சாது விடை சொல்லத்தக்க வீடும் அவருக்கு மருந்தேயாகும்.