குழந்தை யாருக்கு உரியது?

மணமுறிவை நாடும் தம்பதியர் சொத்தையும் நகையையும் பிரித்துக்கொள்ளும்போது எழாத ஓர் அறக்கேள்வி, குழந்தை எவரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் எழுகிறது: ஓர் உயிர் மற்றொருவரின் உடைமையாக முடியுமா? தருமசாத்திர மரபு இக்கேள்வியை வெகுகாலத்திற்கு முன்பே எதிர்கொண்டது. மனு ஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம், ஒருவனின் மனைவி வேறொருவனால் பெற்ற பிள்ளை யாரைச் சேரும் என்பதை, விதைத்தவனாகிய பீஜிக்கும் நிலமுடையவனாகிய க்ஷேத்ரிக்கும் இடையிலான வழக்காக வைத்து ஆராய்ந்து, முன்னுடன்பாடு இல்லாதபோது விளைச்சல் நிலமுடையவனுக்கே என்று தீர்ப்பளிக்கிறது. அங்கு உரிமை கோருவோர் இருவரும் ஆண்கள். தாய் நிலமாகவும் பிள்ளை விளைச்சலாகவும் மட்டுமே பேசப்படுகின்றனர்.

இப்பார்வையின் சுவடு 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்திலும் எஞ்சியிருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத இளவருக்கும் அவருடைய சொத்துக்கும் சட்டப்படி பொறுப்பேற்கும் இயற்கைக் காப்பாளராக, அதன் 6ஆம் பிரிவு தந்தையை முதலிலும் தாயை அவருக்குப் பின்னும் வைக்கிறது. திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தைக்கு மட்டும் தாய் முதலிடம் பெறுகிறார். தந்தை உயிருடன் இருந்தும் பொறுப்பேற்காதவிடத்துத் தாயே காப்பாளராகலாம் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபோது அவ்வரிசையின் கடுமை தணிந்தது, வரிசை மறையவில்லை.

எனினும் குழந்தையின் நலனே தலையாயது என்னும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உடைமை என்ற எண்ணத்தையே வேரறுக்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், விவரமறிந்து விருப்பம் தெரிவிக்கக்கூடிய இளவரின் எண்ணத்தை நீதிமன்றம் கருதிப் பார்க்க இடமளிப்பதால், விளைச்சலாக எண்ணப்பட்ட பிள்ளை இங்கு பேசும் உயிராகிறது. இதன்படி பெற்றோரின் உரிமை என்பது அவர்களின் கடமை நிறைவேறுவதற்கான வழியே; பிரிந்து வாழும் தந்தையோ தாயோ குழந்தையைக் காண்பதற்கான சந்திப்பு உரிமையும் முதன்மையாகக் குழந்தைக்கே உரியது. துணைவர்மீது கொண்ட சினத்தால் அச்சந்திப்பைத் தடுப்பவர், எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரைத் தண்டிக்கிறார்.

இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் அளித்த 257ஆம் அறிக்கை, காப்பாளராகும் உரிமையில் தந்தைக்குள்ள முதன்மையை நீக்கவும், இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பை ஏற்கவும் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 6ஆம் பிரிவை அவ்வாறே திருத்த வேண்டும்.