சிற்றரசரின் நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே உணர்த்தும். பேரரசுக்குப் பணிந்து ஆளும் சிற்றரசனிடத்து இவ்விரு பொருளும் ஒன்றுபடுமா என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

காங்கேசன்துறைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள கந்தரோடையில் உரோமக் காசுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. உரோமின் ஆட்சி எட்டாத இம்மண்ணில் அவை வணிகப் பொருள்களே. யூதேயாவிலோ காசின்மேற் பொறித்த தலை சமயச் சிக்கலாயிற்று. உருவங்களை விலக்கிய யூத மரபுக்கு அஞ்சி, உரோமரின் தயவில் ஆண்ட ஏரோது தன் வெண்கலக் காசுகளில் மனித உருவம் பொறித்திலன். அவன் பேரனாகிய முதலாம் அகிரிப்பா (கி.பி. 37–44) யெரூசலேமுக்குரிய காசில் குடையையும் மூன்று வாற்கோதுமைக் கதிர்களையும் பொறித்தான், பிறவினத்தார் மிகுந்த செசரியாவிலோ பேரரசனின் தலையைப் பொறித்தான்.

இதனை இரட்டை வேடம் என்பாருளர். எனினும், கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை நேரே ஆண்ட உரோம ஆளுநன் பிலாத்து, உரோமச் சடங்குக் கருவிகளைக் காசிற் பொறித்தமையை நோக்கின், சிற்றரசனின் தயக்கம் காத்தது யாதென விளங்கும்.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதனையொத்ததே. ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியும் பிறையும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் விளங்கின. அம்மரபினனாகிய எதிர்மன்னசிங்கனைப் போர்த்துக்கேயரே 1591ஆம் ஆண்டு அரியணை ஏற்றினர். அவர்க்குப் பணிந்திருந்த அவன், கண்டிக்குச் சென்ற தென்னிந்தியப் படையுதவிக்கு மறைவில் வழிவிட்டான் என்பர் வரலாற்றாசிரியர். 1619இல் அரசு வீழ்ந்து போர்த்துக்கேயரின் நேராட்சி வந்தபின் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும், காங்கேசன்துறையை அடுத்த கீரிமலைச் சிவன் கோயிலும் இடிக்கப்பட்டன.

ஆயின், பணிவு யாவும் அறமாகுமோ? ஆகாது. ‘குடிகளைக் காக்கவே பணிந்தேன்’ என்பது அரியணையை விரும்பும் எவனுக்கும் எளிதிற் கிடைக்கும் சொல். அவன் காத்தது குடிகளின் மனச்சான்றையா, தன் இருக்கையையா என்பதைக் காசின் முத்திரை காட்டாது. இரண்டும் ஒருங்கே காக்கப்படும் காலத்தில் அவனும் அதனை அறியான். இரண்டிலொன்றை இழந்தே தீரவேண்டும் என்னும் நாளில் எதனை விடுகிறானோ அதுவே விடை. இருக்கையை விடத் துணிபவனின் பணிவு மட்டுமே, அச்சொல்லின் இரு பொருளிலும் நாணயமாகும்.