இருந்திருந்தால்...

"தென்னேரி நிரம்பிக் கலங்கல் போகுது, வந்து பாருங்க" என்று காஞ்சிபுரத்து நண்பர் போன் செய்திருந்தார். போனேன். காஞ்சிபுரம் என்றால் நமக்குப் பட்டும் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது ஏரிகள். அவற்றில் பெரியது தென்னேரி. திரையன் என்ற பழைய அரசன் பெயரால் திரையனேரியாக இருந்து தென்னேரி ஆனதாகச் சொல்வார்கள். கரைமேல் ஏறி நின்றால், வழி தவறிக் கடற்கரைக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிடும்.

ஏரியைப் பற்றித்தான் எழுதுவதாக உத்தேசம். டீக்கடை பெஞ்ச் அதைக் கெடுத்துவிட்டது.

பெஞ்சில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கையில் பேப்பர், அதில் அமெரிக்க அதிபர் படம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார். "அந்த ஊர்ல கென்னடின்னு ஒருத்தர். நம்ம ஊர்ல ராஜீவ் காந்தி. சின்ன வயசு. ரெண்டு பேரையும் விட்டுவைக்கல பாத்தியா தம்பி? ராஜீவ் இருந்திருந்தா நாடே வேற மாதிரி ஆயிருக்கும்."

எதிர் பெஞ்சில் ஒரு பையன், ஒரகடத்தில் ஏதோ கம்பெனி வேலை, யூனிஃபார்மோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். "இருந்தாரே தாத்தா! அஞ்சு வருஷம் பிரதமரா இருந்தாரே!" என்றான்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் டீ தொண்டையில் சிக்கியது. ஏனென்றால் ராஜீவ் காந்தி பற்றி நானும் இருபது வருஷமாக "இருந்திருந்தால்" என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கென்னடி பதவியேற்றது 43 வயதில். ராஜீவ் 40 வயதில். கொல்லப்பட்டபோது இருவருக்கும் வயது 46. டல்லஸில் 1963 நவம்பர் 22. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21, தென்னேரியிலிருந்து பக்கம்தான். இரண்டு பேரும் அழகாக இருந்தார்கள், அழகாகச் சிரித்தார்கள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் மதிப்பீட்டில் இதற்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே கணக்குப் பதிவியல் வாத்தியார் ஒரு கொள்கையைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார். வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எழுதாதே; வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கிவை. கடன் கொடுத்த பேங்க் ஏமாறாமல் இருப்பது இந்த ஒரு வரியால்தான். இளம் வயதில் இறந்த தலைவர்கள் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வராத லாபத்தையெல்லாம் வரவு வைக்கிறோம். வந்துவிட்ட நஷ்டத்தை வராக்கடன் மாதிரி தள்ளுபடி செய்துவிடுகிறோம். இது நியாயமா?

கென்னடியை எடுத்துக்கொள்வோம். பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1961 ஏப்ரலில், காஸ்ட்ரோவைக் கவிழ்க்க சுமார் 1,400 கியூப அகதிகளுக்கு சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்து 'பே ஆஃப் பிக்ஸ்' கடற்கரையில் இறக்கியது. திட்டம் முந்தைய அதிபர் ஐசன்ஹோவர் காலத்தில் ஆரம்பித்தது. மூன்றே நாளில் படுதோல்வி. நூற்றுக்கு மேல் சாவு, மற்றவர்களில் பெரும்பாலோர் சிறையில். "முந்தைய ஆட்சியின் திட்டம்", "அதிகாரிகள் தவறாக வழிகாட்டினார்கள்" என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. நம் ஊர் வழக்கப்படி ஒரு விசாரணைக் கமிஷன் பெயரைச் சொல்லிக்கூடத் தப்பித்திருக்கலாம்! அவர் நிருபர்கள் முன்னால் நின்று, பொறுப்பு என்னுடையது என்றார். வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் எடுத்த காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவிகிதத்துக்கு ஏறியது.

அடுத்த வருஷம் அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். (அதே அக்டோபரில் இங்கே சீனாக்காரன் உள்ளே வந்துகொண்டிருந்தான். நேரு உதவி கேட்க, கென்னடி விமானத்தில் ஆயுதம் அனுப்பிவைத்தார்.) தளபதிகள் குண்டு போடலாம் என்றார்கள். முந்தைய வருஷம் இப்படிப்பட்ட ஆட்களை நம்பிச் சூடு கண்டவர், இந்தத் தடவை கேள்வி மேல் கேள்வி கேட்டார். கப்பல்களை மறித்து, பதின்மூன்று நாள் பேசி, அணு யுத்தம் இல்லாமல் முடித்தார். தவறை ஒப்புக்கொண்டவனால்தான் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அவரும் முழு யோக்கியர் இல்லை. துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டுதான் அந்தச் சமாதானம் வந்தது. அதைத் தன் மக்களிடம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. வியட்நாமில் அவர் வரும்போது ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள், அவர் இறக்கும்போது சுமார் 16,000. "கென்னடி இருந்திருந்தால் வியட்நாம் யுத்தமே நடந்திருக்காது" என்று அங்கேயும் ஒரு டீக்கடைப் பேச்சு உண்டு. அங்கே அதைப் பெரிய பெரிய புத்தகங்களாகப் போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ராஜீவ். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. 1985-ல் பஞ்சாப் ஒப்பந்தம், அஸ்ஸாம் ஒப்பந்தம். 1986-ல் மிஜோரம். மூன்று இடத்திலும் அடுத்து வந்த தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. மிஜோரமில் தன் கட்சி முதலமைச்சரையே இறக்கி, இருபது வருஷம் ஆயுதம் ஏந்தியிருந்த லால்டெங்காவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். கட்சி தோற்றாலும் பரவாயில்லை, சண்டை நிற்கட்டும் என்று நினைக்கிற அரசியல்வாதியை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? பஞ்சாப் ஒப்பந்தத்தைப் பாதியில் கைவிட்டது வேறு கதை. மிஜோரம் இன்றுவரை நிற்கிறது. 1988 டிசம்பரில் பெய்ஜிங் போனார். 34 வருஷத்தில் அங்கே போன முதல் இந்தியப் பிரதமர். கம்ப்யூட்டர், எஸ்.டி.டி. பூத் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பற்றுப் பக்கம் கனமானது. பதவியேற்ற முதல் மூன்று நாட்களில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்குப்படியே, 2,700-க்கும் மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அம்மாவைப் பறிகொடுத்த மகனின் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொலைகள் நின்று இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 19-ம் தேதி கூட்டத்தில், பெரிய மரம் விழுந்தால் பூமி அதிரத்தான் செய்யும் என்கிற மாதிரி பேசினார். அந்த மரத்தடியில் நசுங்கியவர்களுக்கு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2005-ல், மன்மோகன் சிங். இடையில் 21 வருஷம். அதில் ஆறரை வருஷம் ராஜீவ் உயிரோடுதான் இருந்தார்.

ஷாபானு வழக்கில் ஒரு வயதான பெண்ணுக்குச் சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஜீவனாம்சத் தீர்ப்பை, 1986-ல் சட்டம் போட்டுச் செல்லாமல் ஆக்கப் பார்த்தார். நானூறு எம்.பி.க்களுக்கு மேல் வைத்திருந்தவருக்கு அப்படி என்ன பயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கென்னடி ஜெயித்தது ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில். அவரும் கறுப்பர்களின் உரிமை விஷயத்தில் இரண்டு வருஷம் இழுத்தடித்தார். ஆனால் 1963 ஜூனில் டெலிவிஷனில் வந்து, இது தர்மம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் இலங்கை. 1987 ஜூலை 29, கொழும்பில் ஜெயவர்த்தனாவோடு ஒப்பந்தம். மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். தமிழர்களைக் காப்பாற்றப் போன அமைதிப்படை அக்டோபரில் புலிகளோடு யுத்தத்தில் இறங்கியது. அந்த வருஷம் தீபாவளி அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, நம் ஜவான்கள் சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. எண்ணம் கெட்டதில்லை என்று இப்போதும் நம்புகிறேன். கணக்குத் தப்பியது. கென்னடி செய்த மாதிரி "தப்பு என்னுடையது" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்... பாருங்கள், நானும் "இருந்தால்" போட ஆரம்பித்துவிட்டேன்.

கொல்லப்பட்டவரை இப்படி வரிவரியாகக் கணக்குப் பார்ப்பது இரக்கமில்லாத காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் யோசித்தேன். தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள், அது உண்மை. பறித்தது கொலைகாரர்கள் செய்த குற்றம். அதை அவர்கள் பெயரில்தான் எழுத வேண்டும். பறிக்கப்பட்ட வருஷங்களை எடுத்து அவருக்கு வரவாக வைக்க முடியாது. அப்படி வைப்பதானால் எல்லோருக்கும் வைக்க வேண்டும். டெல்லி திரிலோக்புரியில் எரிக்கப்பட்ட பையன் இருந்திருந்தால்? யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டர் இருந்திருந்தால்? ஸ்ரீபெரும்புதூரில் அதே குண்டில் செத்த போலீஸ்காரர்கள்? அவர்களுக்காக "இருந்திருந்தால்" போடுவது அவரவர் வீட்டில் மட்டும்தான்.

இன்னொரு அநியாயமும் உண்டு. கென்னடி ஆரம்பித்த சம உரிமைச் சட்டத்தை 1964-ல் நிறைவேற்றிக் காட்டியது லிண்டன் ஜான்சன். ராஜீவ் கொண்டுவந்த பஞ்சாயத்து மசோதா 1989-ல் ராஜ்ய சபாவில் தோற்றது. அதே எண்ணத்தை 73-வது திருத்தமாக 1992-ல் நிறைவேற்றியது நரசிம்ம ராவ் ஆட்சி. தென்னேரி மாதிரி ஊர்களில் பெண்கள் தலைவராக உட்கார முடிகிறதென்றால் அந்தச் சட்டத்தால்தான். ஜான்சனும் ராவும் வயசானவர்கள், முகத்தில் களை கிடையாது, படுக்கையில் செத்தவர்கள். எந்த டீக்கடையில் இவர்கள் படம் மாட்டியிருக்கிறது?

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லவில்லை. "ராஜீவை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாக்கப் போனேன் தம்பி. அன்னிக்கு ராத்திரிதான். லாரில ஏறி ஸ்ரீபெரும்புதூர் போயிட்டோம். எட்டு மணின்னாங்க. ஒம்பதும் ஆச்சு, ஆளக் காணோம். தறியில பாதி சேலை நிக்குது, கோர்வைக்கு எதிர்ல உக்கார்ற பையன் விடியக்காலம் வந்துடுவான். சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு ஒரு சைக்கிள்காரன் பின்னாடி தொத்திக்கிட்டு வந்துட்டேன். கூட வந்தவன் இருந்து பாத்துட்டு வரேன்னான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பையனும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"அவன் வந்தானா தாத்தா?"

"வந்தான். ஒரு காது போச்சு. போன வருஷம்தான் செத்தான்" என்ற பெரியவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "கலங்கலப் பாக்க வந்தீங்களே, பாத்தீங்களா? இருட்டறதுக்குள்ள போங்க. அங்க வழுக்கும்."