கூட்டம் இல்லாத ஆட்டம் நிறைவுபெறுமா?

ஒரு வழிபாடு வழிபாடாக நிற்பதற்கு எத்தனை பேர் கூடியிருக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சமயங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. யூத மரபில் பொது வழிபாட்டின் சில பகுதிகளை ஓதுவதற்கு ‘மின்யான்’ எனப்படும் 10 பேர் கொண்ட குழு தேவை. இஸ்லாத்தின் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபி மத்ஹப், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு 40 பேர் வேண்டும் என்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூல், குருவோடு சேர்ந்து நற்கருணை பெற மூவரேனும் இல்லாதபோது அச்சடங்கை நடத்தலாகாது என விதிக்கிறது. இவற்றுக்கு மாறாக, கத்தோலிக்கக் குரு ஒருவர் தனியே நிறைவேற்றும் திருப்பலியும் செல்லும். சிவாகமங்கள் கூறும் பரார்த்த பூசை, அதாவது உலக நன்மையின் பொருட்டுக் கோயிலில் சிவாசாரியர் செய்யும் பூசை, காண வந்தோர் ஒருவரும் இல்லையெனினும் குறைவுபடுவதில்லை. கூடுவோர் சடங்கின் சாட்சிகளா, அதன் உறுப்புகளா என்பதே இந்த வேறுபாட்டுக்கு அடியில் கிடக்கும் சிக்கல். இந்தச் சிக்கலைத் தொழில்முறைக் கால்பந்து அளவுக்குக் கூர்மையாக எழுப்பிய களம் அண்மைக் காலத்தில் வேறொன்று இல்லை எனலாம்.

கால்பந்தைச் சமயத்தோடு சேர்த்துப் பேசுவது வலிந்து செய்யும் ஒப்பீடு அன்று. இங்கிலாந்தின் பழைய கழகங்கள் பல தேவாலய வளாகங்களில் பிறந்தவை. எவர்ட்டன் 1878-இல் லிவர்பூலின் செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் சபையிலிருந்தும், ஆஸ்டன் வில்லா 1874-இல் பர்மிங்காமின் ஒரு வெஸ்லியன் சபையிலிருந்தும், மான்செஸ்டர் சிட்டி 1880-இல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்திலிருந்தும் தோன்றின. தலைகளை எண்ணும் வழக்கமும் இரண்டுக்கும் பொதுவானது. 1851 மார்ச் 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லா வழிபாட்டிடங்களிலும் கூடியோரை அரசு கணக்கெடுத்தது. ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் வருகைகள் பதிவாயின. அவை வருகைகளே தவிர ஆட்கள் அல்ல. காலையில் வந்தவர் மாலையிலும் வந்திருந்தால் இருமுறை எண்ணப்பட்டார். எண் பக்தியைக் காட்டுகிறதா, பழக்கத்தைக் காட்டுகிறதா, அல்லது வேறெதையுமா என்ற ஐயம் அன்றே எழுந்தது. பின்னாளில் கால்பந்து அரங்கங்களின் சுழற்கதவுகள் எண்ணத் தொடங்கியபோதும் அந்த ஐயம் உடன்வந்தது.

அந்த எண்களின் போக்கு வியப்புக்குரியது. 1948–49 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து 4 கோடியே 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. போர் முடிந்து, வேலை கிடைத்து, செலவழிக்க வேறு வழி அதிகமில்லாத உழைக்கும் மக்கள் சனிக்கிழமை மாலைகளில் அரங்கங்களை நிறைத்த காலம் அது. பின்னர் தொலைக்காட்சியும் காரும் வந்தன. பழைய தொழிலாளர் குடியிருப்புகள் கலைந்தன. மாடங்களில் வன்முறை பெருகியது. 1985 மே மாதத்தில் பிராட்ஃபோர்டு அரங்கத் தீயில் 56 பேரும், அதே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கத்தில் 39 பேரும் இறந்தனர். அடுத்து வந்த 1985–86 பருவத்தில் வருகை 1 கோடியே 65 லட்சமாகச் சுருங்கியது. அதன்பின் எண்கள் ஏறத் தொடங்கின. பிரீமியர் லீக் தொடங்கிய 1992–93-இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 21 ஆயிரம் பேர் வந்தனர். அண்மைப் பருவங்களில் அச்சராசரி 38 ஆயிரத்துக்கும் மேல்.

சமயம் விட்டுச்சென்ற இடத்தைக் கால்பந்து நிரப்பியது என்று சமூகவியலாளர் சிலரும் பத்திரிகையாளர் பலரும் சொல்லி வந்த கருத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. தேவாலயங்கள் காலியாகி வந்த 1960-களிலும் 1970-களிலும் அரங்கங்களும் காலியாகி வந்தன. ஒன்றை விட்டு மக்கள் மற்றொன்றுக்குப் போகவில்லை. வீடும் தொலைக்காட்சியும் இரண்டிடத்திலிருந்தும் அவர்களை இழுத்துக்கொண்டன. பிரிட்டனின் சமய வாழ்வு பற்றி 1994-இல் எழுதிய கிரேஸ் டேவி, நம்பிக்கையைக் கைவிடாமலே சபையோடு சேர்ந்திருப்பதைக் கைவிட்ட மக்களை விவரித்தார். அந்த விவரிப்பு, கழகத்தின் வண்ணத்தை விடாமல் வீட்டிலிருந்தே ஆட்டம் கண்ட ரசிகர்களுக்கும் பொருந்தும். இரண்டு போக்குகளும் பிரிந்தது 1980-களின் பிற்பகுதியில்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் வாராந்தர வருகை 2010-களின் நடுவில் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கியபோது அரங்கங்கள் நிறைந்து வழிந்தன. ஆகவே விளக்கம் வேண்டுவது இழப்பு அன்று, மீட்சி. ஓர் ஆட்டத்தை வீட்டிலேயே தெளிவாக, மலிவாக, பல கோணங்களில் காண முடிகிற காலத்தில், மழையிலும் குளிரிலும் அங்கே போய் நிற்க மனிதர்கள் ஏன் மீண்டும் விரும்பினர்?

இதற்குச் சமூகவியலாளர் எமில் துர்கைம் தரும் விடை புகழ்பெற்றது. சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள் குறித்து 1912-இல் வெளியிட்ட நூலில், மக்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடும்போது தனிமனிதரைக் கடந்த ஓர் ஆற்றல் அவர்களுக்கிடையே எழுகிறது என்றும், அந்தக் கூட்டுக் கொந்தளிப்பையே மக்கள் புனிதம் என்று உணர்கின்றனர் என்றும் அவர் வாதிட்டார். ஆனால் இவ்விடை கூட்டத்துக்கு ஆட்டம் தருவதை விளக்குகிறதே ஒழிய, ஆட்டத்துக்குக் கூட்டம் தருவதை விளக்கவில்லை. அந்த மறுபாதியைச் சோதிக்க எந்த அறிஞரும் ஏற்பாடு செய்திருக்க முடியாத ஒரு வாய்ப்பு 2020-இல் நேர்ந்தது.

கொரோனாப் பரவலால் நின்றிருந்த ஜெர்மனியின் பண்டஸ்லிகா, அவ்வாண்டு மே 16-ஆம் நாள் பார்வையாளர் இன்றி மீண்டும் தொடங்கியது. டார்ட்மண்டில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் நின்றுகொண்டே ஆட்டம் காணும் தெற்கு மாடம் வெறுமையாகக் கிடந்தது. ஷால்கவை 4–0 என வென்ற டார்ட்மண்ட் ஆட்டக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல அந்த மாடத்தின் முன் சென்று, அங்கே இல்லாதவர்களை நோக்கித் தங்கள் வணக்கத்தைத் தெரிவித்தனர். மொன்சென்கிளாட்பாக்கில் ரசிகர்கள் 19 யூரோ கட்டித் தங்கள் உருவம் அச்சிட்ட அட்டைப் படிமங்களை இருக்கைகளில் நிறுத்தச் செய்தனர். முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் இங்கிலாந்தின் பட்டத்தை வென்ற லிவர்பூல், ஜூலை 22-ஆம் நாள் ஆளில்லாத தன் அரங்கமான ஆன்ஃபீல்டில் கோப்பையை உயர்த்தியது. சட்டப்படி அந்த ஆட்டங்கள் அனைத்தும் செல்லுபடியாயின, புள்ளிகள் எண்ணப்பட்டன, பட்டங்கள் நிலைத்தன. ஆனால் செல்லுபடியாவதும் நிறைவுபெறுவதும் ஒன்றல்ல என்பதை அங்கே ஆடியவர்களும் தொலைவிலிருந்து கண்டவர்களும் ஒருசேர உணர்ந்தனர். அதே மே மாதம் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களைக் கொண்டு நடத்தப்பட்டு இணையவழி ஒளிபரப்பானது. தேரோட்டமோ நடக்கவில்லை. பூசைக்குக் கூட்டம் வேண்டியதில்லை, தேருக்கு வேண்டும். கால்பந்து பூசையைப் போன்றதா, தேரைப் போன்றதா என்பதே இங்கு எழும் கேள்வி.

தேரைப் போன்றதுதான் என்று முடிவுகட்டப் புள்ளிவிவரம் ஒன்று கைகொடுக்க வருகிறது. ஏறத்தாழ முழுமையும் கூட்டமின்றி நடந்த 2020–21 பிரீமியர் லீக் பருவத்தில், இங்கிலாந்தின் முதற்பிரிவு வரலாற்றிலேயே முதன்முறையாகச் சொந்த அரங்கில் கிடைத்த வெற்றிகளைவிட வெளியரங்கில் கிடைத்த வெற்றிகள் மிகுந்தன: 144-க்கு எதிராக 153. வருகை தரும் அணிக்கு நடுவர்கள் கூடுதலாக மஞ்சள் அட்டை காட்டிவந்த போக்கும் கூட்டம் இல்லாதபோது தளர்ந்தது என்று ஆய்வுகள் பல காட்டின. எனினும் இச்சான்றை அப்படியே ஏற்பதில் ஓர் அவசரம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைப் பாதிக்கிறது என்பதால் அது அதன் உறுப்பாகிவிடாது. காற்றும் ஈரப் புல்லும்கூட ஆட்டத்தின் முடிவை மாற்றுகின்றன. ஆயினும் காற்றை நோக்கி யாரும் ஆடுவதில்லை, புல்லை நோக்கி யாரும் வணங்குவதில்லை. வெற்று மாடத்தின் முன் நின்ற டார்ட்மண்ட் ஆட்டக்காரர்கள் காட்டியது மேற்கண்ட எண்களைவிட ஆழமான சான்று. ஆட்டம் ஒருவரை நோக்கிச் செய்யப்படும் செயல் என்பதும், எதிரே இருப்பவர் இல்லாதபோதும் அந்த நோக்கு அழியாமல் இடத்தைத் தேடி நிற்கிறது என்பதும் அங்கே வெளிப்பட்டன.

அப்படியானால் தொலைக்காட்சி முன் அமர்ந்த கோடிக்கணக்கானோரை நோக்கியும் அது செய்யப்படலாமே என்ற தடை எழும். தடை வலுவானது. அன்றைய ஆட்டங்கள் அவர்களுக்காகவே, அவர்கள்வழி வந்த வருவாய்க்காகவே நடத்தப்பட்டன. ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது: தொலைவில் இருப்பவரை விளிக்கலாம், அவர் விடையளிக்க முடியாது. அரங்கில் இருப்பவர் அந்தக் கணத்திலேயே, ஆட்டத்தை மாற்றும் வகையில் விடையளிக்கிறார். விடையளிக்க முடிந்தவரே விடையை மறுக்கவும் முடியும். இருப்பு என்பதன் உட்பொருள் இந்த இரட்டை ஆற்றலில்தான் இருக்கிறது.

மறுப்பின் வலிமையை ஜெர்மனி கண்டிருக்கிறது. அரங்கப் பாதுகாப்பு என்ற பெயரில் ரசிகர்மீது கட்டுப்பாடுகளைக் கூட்டும் திட்டம் ஒன்று 2012 டிசம்பர் 12-ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. அதற்கு முந்தைய வாரங்களில், நாடெங்கும் மாடங்களை நிறைத்திருந்தவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தின் முதல் 12 நிமிடம் 12 வினாடியும் குரலெழுப்பாமல் நின்றனர். வருகைப் பதிவேட்டில் அந்த நாட்கள் மற்ற நாட்களைப் போலவே நிறைந்த நாட்கள். உடல்கள் அனைத்தும் அங்கே இருந்தன. இங்கிலாந்திலும் 2016 பிப்ரவரி 6-ஆம் நாள், புதிய மாடத்தில் 77 பவுண்டு விலையில் டிக்கெட் விற்க முனைந்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான லிவர்பூல் ரசிகர்கள் ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். அப்போது 2–0 என முன்னிலையில் இருந்த லிவர்பூல், சண்டர்லாண்டுக்கு இரு கோல்களை விட்டுக்கொடுத்துச் சமன் செய்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் அவ்விலையைக் கைவிட்டு மன்னிப்பும் கேட்டனர். வெளியேறியவர்களும் அன்றைய வருகைக் கணக்கில் இருக்கவே செய்தனர்.

வருகை எண் எதைக் கணக்கிடுகிறது என்ற பழைய ஐயத்துக்கு இங்கே கூர்மை கூடுகிறது. பெரிய லீக்குகளில் கழகங்கள் அறிவிக்கும் எண் பொதுவாக விற்ற டிக்கெட்டுகளின் எண். சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் போனவரும் அதில் வந்தவராகவே நிற்கிறார். பணம் கட்டிய இன்மை இருப்பாகப் பதிவாகிறது. பணம் இல்லாததால் வெளியே நிற்பவரின் ஏக்கம் எங்கும் பதிவாவதில்லை. 1989-இல் ஹில்ஸ்பரோ அரங்கத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோன பின், நீதிபதி டெய்லரின் அறிக்கை முதன்மைப் பிரிவுகளின் அரங்கங்கள் முழுவதும் இருக்கைகள் கொண்டவையாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. உயிர்காக்கும் அந்தச் சீர்திருத்தம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இருக்கைகள் வந்ததை ஒட்டி டிக்கெட் விலையை ஏற்றியது கழகங்களின் முடிவு. மலிவு விலைகளை உத்தேசித்தே டெய்லர் தம் அறிக்கையை எழுதியிருந்தார். அதன்பின் ஏறிய வருகைக் கோடு, யார் வந்தனர் என்பதை மறைத்து எத்தனை பேர் வந்தனர் என்பதை மட்டும் காட்டுகிறது.

துர்கைமின் விளக்கம் தொடாத மற்றொரு கூட்டமும் உண்டு. கொந்தளிப்பே இழுக்கிறது என்றால், தோற்றுத் தாழ்ந்த கழகங்களின் அரங்கங்கள் காலியாக வேண்டும். ஆனால் மூன்றாம் பிரிவுக்கு விழுந்த மான்செஸ்டர் சிட்டிக்கு 1998–99-இல் சராசரியாக 28 ஆயிரம் பேர் வந்தனர். அதே நிலைக்குத் தாழ்ந்த சண்டர்லாண்டுக்கு 2018–19-இல் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். இரண்டாம் பிரிவில் தடுமாறிய ஷால்கவின் அரங்கில் 2023–24-இல் சராசரி 60 ஆயிரத்தைத் தாண்டியது. இவர்களைப் புரிந்துகொள்ள அமெரிக்க மெய்யியலாளர் ஜோசையா ராய்ஸ் கூடுதலாக உதவுகிறார். 1908-இல் விசுவாசத்தின் மெய்யியலை எழுதிய அவர், ஒரு மனிதர் தன்னினும் பெரிய ஒரு குறிக்கோளுக்கு விரும்பியும், செயலளவிலும், இடைவிடாமலும் தன்னை ஒப்படைப்பதே விசுவாசம் என்றார். பலனைப் பார்த்து வருபவர் வருகையை விலையாகக் கொடுத்து மகிழ்ச்சியை வாங்குகிறார். தோல்விக்கு வருபவரிடம் அந்த வாணிபம் இல்லை. அவரது இருப்பு, வென்றால் பாராட்டும் தோற்றால் பழிப்புமாக இல்லாமல், ஆடுபவரைத் தனியே விடாமை என்ற ஒரே விடையாக நிற்கிறது. கூட்டம் ஆட்டத்தின் உறுப்பு என்பதற்கு இவர்களைவிட உறுதியான ஆதாரம் இல்லை.

இந்த இருப்பைக் காக்க ஒரு விதி பிரிட்டனில் 1960-களிலிருந்து நிலவி வருகிறது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் அந்நாட்டில் நேரலையாக ஒளிபரப்பலாகாது என்பது அவ்விதி. பெரிய கழகங்களின் ஆட்டம் திரையில் ஓடினால் சிறிய ஊர்க் கழகங்களின் மாடங்கள் காலியாகும் என்ற அச்சமே அதன் மூலம். ஒளிபரப்பு வருவாயைக் காட்டி அதை நீக்கக் கோரும் குரல்கள் வலுத்துவருகின்றன. வெளிநாடுகளில் காண முடிவதை உள்நாட்டார் காண முடியாதது முரண் என்பதும் உண்மையே. ஆயினும் 50 ஆயிரம் பேர் திரளும் அரங்கில் 100 பேர் வராமல் போனால் யாருக்கும் தெரியாது; 2 ஆயிரம் பேர் கூடும் நான்காம் பிரிவு அரங்கில் அந்த 100 பேர் நின்ற இடம் கண்ணுக்குத் தெரியும், ஆடுபவர் காதுக்கும் கேட்கும்; அந்த விதி இதுவரை காத்து நிற்பது அந்த நூறு பேரைத்தான்.